வளர்ற புள்ளைக்கு எடுத்த துணி

அந்த வருசம் தீபாவளியன்னிக்கு, எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுப் புதுத்துணி போட்ட அரை மணி நேரத்துல, பட்டறை மேட்டுல முப்பத்தொம்பது புள்ளைங்க வளர்ந்துபோனாங்க. வளர்ந்தாங்கன்னா ஏதோ ஒரு விரக்கடை, ஒரு சாண் இல்லைங்க. அஞ்சு வயசுப் புள்ளை அம்மா தோளுக்கு வந்துச்சு, ஏழு வயசுப் பையன் கதவு நிலையில நெத்தியை இடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதான். ஏன், எதுக்குன்னு என்னைக் கேக்காதீங்க, கேட்டவங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என்ற வாய் வறண்டு போச்சு. எப்படின்னு மட்டும் சொல்றேன். ஏன்னா அந்தத் துணியை மடிச்சுப் பையில போட்டவ நான்தான்.

என்ற பேரு துளசிமணி. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில இருபத்திரண்டு வருசமா டெய்லர். எங்க லைன்ல பன்னெண்டு பொம்பளைங்க ஒண்ணா சேர்ந்து, ஆயுத பூஜை முடிஞ்ச கையோட, ஞாயித்துக்கிழமை தவறாம கம்பெனி ஷெட்டுல உக்காந்து, தீபாவளிக்கு வழியில்லாத வீடுகளுக்குப் புதுத்துணிப் பை கட்டுவோம். கூலி கிடையாது, டீயும் வடையும் எங்க கைக்காசு. போனஸை வாங்கிக்கிட்டு ஊரே அவனவன் ஊருக்கு பஸ் ஏறிப் போயிரும். போக ஊரும் இல்லாம, வந்து நிக்க ஆளும் இல்லாம, சாயத் தண்ணி வாடைக்குள்ளயே கிடக்கற சனம் பட்டறை மேட்டுல இருக்குது, அதுங்களுக்காகத்தான். துணி முதலாளி தருவாரு. செகண்ட்ஸ். வெளிநாட்டுக்குத் தைச்சு, தையல் கோணிருச்சு, சாயம் திட்டாயிருச்சுன்னு அவன் வேண்டாம்னு தள்ளினது. நாங்க அதைக் கறை எடுத்து, பொத்தான் வெச்சு, தேய்ச்சு மடிச்சு, கூடவே சீயக்காய்ப் பாக்கெட், ஒரு சின்ன பாட்டில் நல்லெண்ணெய், கம்பி மத்தாப்பு, கொஞ்சம் முறுக்கு வெச்சுப் பையைக் கட்டினா, பார்க்கறவங்களுக்கு நம்ம வீட்டுக்கே ஒண்ணு கொண்டு போலாம்னு இருக்கும்.

இதுல ஒரு தப்பு நடந்து போச்சு. அந்தத் தப்பை எங்க சனத்தைத் தவிர உலகத்துல வேற யாரும் பண்ண முடியாது. புள்ளைக்குத் துணி எடுக்கப் போனா நாம என்னைக்காவது சரியான அளவு எடுத்திருக்கமா, சொல்லுங்க? வளர்ற புள்ளை, ரெண்டு வருசம் போடட்டும்னு ரெண்டு அளவு பெருசாத்தானே எடுப்போம்? அந்த வருசமும் அதேதான். எங்க கூட்டத்துல செக்கிங் பார்க்கற ரேணுகா போன் போட்டு வயசு கேட்டுப் பட்டியல் எழுதினா. கேட்ட தாய்மாருங்க, வளர்ற புள்ளையாச்சேன்னு ரெண்டு வயசைக் கூட்டிச் சொன்னாங்க. ரேணுகா அவ பங்குக்கு, வளர்ற புள்ளையாச்சேன்னு ரெண்டைக் கூட்டி எழுதினா. பட்டியலைப் பார்த்துத் துணி எடுத்து வெச்ச நான், இந்த மகராசி துளசிமணி, வளர்ற புள்ளைதானேன்னு இன்னும் ரெண்டைக் கூட்டிப் போட்டேன். ஒருத்தி செஞ்சது இன்னொருத்திக்குத் தெரியாது. ஆக, ஆறு வயசுப் புள்ளைக்குப் பன்னெண்டு வயசுத் துணி. அதுவும் வெளிநாட்டுப் பன்னெண்டு. அவன் பன்னெண்டுன்னா நம்ம ஊர்ல பதினஞ்சுங்க.

ஒருத்தர்கூடப் போயி அளவு எடுக்கலை. டெய்லருங்க, பன்னெண்டு பேரும், கழுத்துல டேப்பை மாலையாட்டம் போட்டுக்கிட்டுத் திரியறவளுக! இலவசமாக் குடுக்கறதுக்கு அளவு எதுக்குன்னு நினைச்சிருப்போம் போல. இன்னைக்கு நினைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

பேச்சியம்மா வீட்ல நடந்ததைச் சொல்றேன், எல்லா வீட்லயும் அதேதான் நடந்துச்சு. பேச்சியம்மாவுக்குச் சங்கரன்கோயில் பக்கம். புருசன் எங்கயோ போயிட்டான், வேஸ்ட் குடோன்ல கட்டிங் துண்டு பிரிக்கற வேலை, ஒரே புள்ளை கவிநிலா, ஒண்ணாங் கிளாஸு. அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி எழுப்பி, எண்ணெய் வெச்சு, குளிக்க ஊத்தி, துணி ஓரத்துல மஞ்சளை வெச்சு, மஞ்சக் கலர்ல அந்த நீளக் கவுனை எடுத்துப் புள்ளை தலையில மாட்டி விட்டிருக்கா. கையி முழங்காலுக்குத் தொங்குது, கவுன் தரையில புரளுது. "கொடுத்தவங்கள ஒண்ணும் சொல்லப்படாது, போட்டுக்கோம்மா, அழகாத்தான் இருக்கு"ன்னு சொல்லியிருக்கா. புள்ளையும், நல்ல புள்ளை, தலையாட்டியிருக்கு. அவ்வளவுதான். துணி சுருங்கிக் கைக்கு வரலை, கை நீண்டு துணிக்கு வந்துச்சு. தோள் அகண்டு தோள் தையல்ல போய் உக்காந்துச்சு, காலு இறங்கி இறங்கிக் கவுன் ஓரத்தைத் தொட்டுச்சு, முடிகூட இடுப்பு வரைக்கும் இறங்கிருச்சு. வெளியே எவனோ ஒரு சரவெடியைக் கொளுத்தியிருக்கான், அது வெடிச்சு அடங்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. பேச்சியம்மா நிமிர்ந்து பார்த்தா, மக குனிஞ்சு பார்க்குது.

"யம்மா, நீ ஏன் குட்டையாயிட்ட?"ன்னு கேட்டுச்சாம் புள்ளை.

உடம்புதாங்க வளர்ந்துச்சு. உள்ளுக்குள்ள இருந்தது அதே ஆறு வயசு. முன்பல் ரெண்டும் விழுந்த ஓட்டை அப்படியே ஓட்டைதான், பின்னால பொத்தானைப் போடத் தெரியாம முதுகைத் திருப்பிக்கிட்டு நிக்கும், நாயைப் பார்த்தா அம்மா முந்தானைக்குள்ள பூந்துக்கப் பார்க்கும், முந்தானைதான் பத்தாது. மூணாவது பல்லு விழுந்தப்போ, எல்லாப் புள்ளையும் கூரை மேல எறியுமே, அதுக்கு எறியற வேலையே இல்லை. கையை நீட்டிக் கூரை மேல வெச்சுட்டு வந்திருச்சு.

ஊரு என்ன பண்ணுச்சுங்கறீங்க? மூணு நாள் வாயைப் பொளந்துச்சு, நாலாம் நாள் வேலையைப் பார்க்கப் போச்சு. பாய் பத்தாதுன்னு ரெண்டு பாயைச் சேர்த்துத் தைச்சாங்க, ஒத்தை ரூம் வீட்ல புள்ளைங்க படுத்தா கால் வாசலுக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும், போறவங்க வர்றவங்க அதைத் தாண்டிப் போவாங்க, யாரும் யாரையும் ஏன்னு கேக்கலை. பஸ் கண்டக்டர் முழு டிக்கெட் போடுன்னாரு, அஞ்சு வயசுக்கு ஏதுங்க டிக்கெட்டுன்னு தாய்க்காரி சண்டைக்கு நின்னா, பஸ்ஸே இறங்கி நின்னு பஞ்சாயத்துப் பண்ணுச்சு. சாயங்காலமானா அத்தனை பேரும் தெருவுல கண்ணாமூச்சி ஆடுவாங்க. கரண்டு கம்பத்துக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டு, ரெண்டு பக்கமும் தோள் தெரியத் தெரிய, ஒளிஞ்சுக்கிட்டோம்னு கண்ணை இறுக மூடிக்குவாங்க. தேடறவனும் கண்டுபிடிக்காத மாதிரியே தேடுவான். பாவம், அவனுக்கும் ஆறு வயசுதானே.

அடுத்த மேட்டுக்காரங்க பையைத் தூக்கிக்கிட்டு எங்க ஷெட்டுக்கே வந்துட்டாங்க, எங்க புள்ளைக்கும் அந்த மாதிரி ஒண்ணு போடுங்க, சீக்கிரம் ஆளாகட்டும், வளர்க்கற பாடு மிச்சம்னு. ஒருத்தி என்ற காதுக்கிட்ட வந்து, "அக்கா, என்ற மாமியாளுக்கு ஒரு சின்ன ஜாக்கெட் இருக்குமுங்களா, கொஞ்சம் சுருங்கட்டும்"னா. சிரிக்காம என்ன பண்றது? சிரிச்சேன். ஆனா வீட்டுக்குப் போனா சோறு இறங்கலை.

முதலாளிகிட்டப் போய்ச் சொன்னேன். தப்பு நடந்து போச்சுங்க, புள்ளைங்க பெருசாயிட்டாங்கன்னு. அவரு நல்ல மனுசன்தான், உக்காரச் சொல்லித்தான் பேசினாரு. "வளர்றது நல்லதுதானே துளசிமணி? குடுத்ததுக்குத் தக்கன அனுசரிச்சுக்கிட்டாங்க. ஏழைப்பட்ட சனம் எதையும் அனுசரிச்சுக்கும்"னாரு. அன்னிக்கு அந்த வார்த்தை நெஞ்சுல போய் நின்னுருச்சு. பொத்தான் இல்லாத சட்டையைக் குடுத்தா ஊக்குக் குத்திக்கும், பெரிய செருப்பைக் குடுத்தா முனையில துணியை அடைச்சுக்கும், ஆறாத சோத்தைக் குடுத்தா ஊதிக்கும், ஆறிப்போனதைக் குடுத்தா அதையும் திங்கும். கடைசியில உடம்பையே இழுத்து நீட்டிக்கிச்சு இந்தச் சனம், அப்பவும் நமக்கு உறைக்கலையே!

லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்தாங்க. ஒண்ணாங் கிளாஸ்ல இந்தப் புள்ளைங்க உக்காந்தா பின்னால இருக்கற புள்ளைங்களுக்குப் போர்டு தெரியலை, பின்னால உக்கார வெச்சா பெஞ்சு முறியுது. தரையில உக்காந்து படிக்கட்டும்னு தாய்மாருங்க கெஞ்சினாங்க. பெரிய டீச்சர் ஒரு வாரம் பொறுத்தாங்க. அப்புறம், "பெரிய கிளாஸ்ல போடலாம்னா அ, ஆ கூட எழுத வரலை, சின்ன கிளாஸ்ல வெக்கலாம்னா என்னைத்தான் கேள்வி கேப்பாங்க. மேல எழுதிப் போட்டிருக்கேன், பதில் வர்ற வரைக்கும் வீட்ல வெச்சுக்கங்க"ன்னுட்டாங்க. மேலன்னா எவ்வளவு மேலன்னு யாருக்குத் தெரியும்?

பள்ளிக்கூடம் கதவைச் சாத்தின மறுநாளே குணசீலன் வந்துட்டான். கம்பெனிகளுக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கற ஏஜெண்டு. வெள்ளைச் சட்டை, வாய் நிறையப் பாக்கு, பேச்சு மட்டும் வெண்ணெய். வீடு வீடாப் போனான். "சும்மாதானேம்மா இருக்குதுங்க? கைமடி வேலைதான், துணியை மடிச்சு மடிச்சு அடுக்கணும், உக்காந்த இடத்துல வேலை. ஹாஸ்டல் இருக்குது, மூணு வேளை சாப்பாடு, டிவி இருக்குது. ஆளைப் பார்த்தா பதினஞ்சு தெரியுது, கார்டுல வயசு தப்பா ஏறிருச்சுன்னு எழுதிக்கலாம், நான் பார்த்துக்கறேன்." ஒம்பது வீட்ல சரின்னுட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல நான் யாரு? ஆறு வயசு வயித்துக்குப் போட்ட சோறு பதினஞ்சு வயசு வயித்துக்குப் பத்துமா?

பேச்சியம்மா மாட்டேன்னா. "எம்மவ ஒண்ணாங் கிளாஸு படிக்கா"ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னா. அவ பிரிக்கற வேஸ்ட் குடோன் குணசீலனோட மச்சானுது. குணசீலன் சிரிச்சுக்கிட்டே, "திங்கக்கிழமை காலையில வண்டி வரும். புள்ளையை ஏத்தி விடு. இல்லைன்னா நீயும் குடோன் பக்கம் வராதே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவ வீட்டுக்குப் போனேன். கவிநிலா வாசல்ல காலை நீட்டி உக்காந்து, சிலேட்டுல 'அ'வைத் திருப்பிப் போட்டு எழுதிக்கிட்டிருந்துச்சு. நான் உள்ளே போய் நின்னபடியே, "பேச்சி, அந்தத் துணியை எடுத்து வெச்சது நான்தான். ரெண்டைக் கூட்டிப் போட்டுட்டேன். என்னை என்ன வேணா சொல்லு"ன்னேன். கண்ணுல தண்ணி நிக்கலை.

அவ அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காந்தா. "யக்கா, நானும்தான் ரெண்டு கூட்டிச் சொன்னேன். நீங்க ரெண்டு கூட்டுனியன்னா அது பிரியத்துல. நான் கூட்டுனது பயத்துல. அடுத்த வருசம் யாரு தருவாவளோ, தர மாட்டாவளோன்னு."

அப்புறம் அவளே கேட்டா: "அழுது என்ன ஆவப்போவுது? அந்த டேப்பை எடுத்துட்டுத்தானே வந்திருக்கிய? எம்மவளுக்கு அளவெடுங்க. யூனிபார்ம் தைக்கணும். திங்கக்கிழம பள்ளிக்கூடத்துக்குப் போவா."

"டீச்சர் வேண்டாம்னுட்டாங்களே?"

"அவங்க சொல்லிட்டாவ. நான் இன்னும் சொல்லலயே."

அடி என்ற ராசாத்தின்னு சொல்லி அவ தாடையைத் தொட்டேன். அப்பவே ரேணுகாவுக்குப் போன் போட்டேன், ரேணுகா பத்துப் பேருக்குப் போட்டா. ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் பன்னெண்டு பேரும் பட்டறை மேட்டுல நின்னோம். அன்னிக்குத்தாங்க முதல் தடவையா அந்த வீடுகளோட வாசப்படியை மிதிச்சோம். இத்தனை வருசமா தெருமுனையில நின்னு பையைக் குடுத்துட்டுப் போனவங்கதான். ஒவ்வொரு புள்ளையையும் நிக்க வெச்சு, தோள், கை, மார்பு, உயரம், ஒண்ணுக்கு மூணு தடவை அளந்து, கூச்சத்துல நெளியறதுங்களைச் சிரிக்க வெச்சு, பாக்கெட் வேணுமா, எத்தனை வேணும், எந்தப் பக்கம் வேணும்னு கேட்டுக் கேட்டு எழுதினோம். கேட்டதுக்கு அதுங்க பட்ட சந்தோசம் இருக்குதே! ஒரு பையன் நாலு பாக்கெட் கேட்டான், நாலும் வெச்சோம். முதலாளிகிட்ட ஒரு முழம் துணி கேக்கலை. கட்டம் போட்ட துணியைக் கடையில எடுத்து, அவங்கவங்க வீட்டு மிஷின்ல, முப்பத்தொம்பது பேருக்கும் தைச்சோம். வண்டியில ஏறப்போற ஒம்பதுக்கும் சேர்த்துத்தான் தைச்சோம்.

திங்கக்கிழமை காலையில கவிநிலாவுக்கு யூனிபார்மை நான்தான் போட்டு விட்டேன். மறுபடியும் வளர்ந்துட்டா? சுருங்கிட்டா? ஒவ்வொரு பொத்தானாப் போட்டுட்டு மூச்சைப் பிடிச்சு நின்னோம். ஒண்ணும் ஆகலை. துணி தோள்ல சும்மா உக்காந்துச்சு. புள்ளை கையைத் தூக்கிப் பார்த்துட்டு, "இது என்னுது"ன்னுச்சு.

பள்ளிக்கூடத்துக்குத் தெருமுனை வழியாத்தான் போகணும். அங்க வண்டி நின்னுச்சு. உள்ளே ஒம்பது புள்ளைங்க ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சுங்க, அம்மாக்காரிங்க வெளியே நின்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டு இருந்தாங்க. குணசீலன் கவிநிலாவைப் பார்த்ததும் கதவை அகலத் திறந்தான்.

"வா பாப்பா, ஏறு."

"அவ பள்ளிக்கூடம் போறா"ன்னா பேச்சியம்மா.

"எந்தக் காலேஜுக்கு?" சொல்லிட்டு அவனே சிரிச்சான். "இங்க பாரும்மா, உன்னைவிட ஒரு சாண் உசரம். இதை ஆறு வயசுப் புள்ளைன்னு சொன்னா எவன் நம்புவான்? தெருவுல நிக்கற யாரையாவது கேளு."

சொல்லிக்கிட்டே புள்ளையோட கையைப் பிடிச்சு இழுத்தான். பாருங்க, அதுக்கு அந்தக் கை வலிச்சுதோ, அந்த ஆளோட பாக்கு வாயைப் பார்த்துப் பயந்துச்சோ, முகம் கோணி, கீழுதடு துடிச்சு, பட்டுன்னு கையை உருவிக்கிட்டு, அம்மாவைப் பார்த்துத் திரும்பி ரெண்டு கையையும் மேல தூக்குச்சு.

"யம்மா, தூக்கு."

பேச்சியம்மா ஒரு நிமிசம் யோசிக்கலைங்க. சேலையை இழுத்துச் சொருகினா, குனிஞ்சா, மகளைத் தூக்கி இடுப்புல வெச்சா. ஒல்லி உடம்பு அவளுக்கு, காத்தடிச்சாச் சாயும். அந்த இடுப்பு ஒரு பக்கமா வளைஞ்சு, கழுத்து நரம்பு புடைச்சு, அப்படியும் நின்னா. புள்ளை அவ கழுத்தைக் கட்டிக்கிட்டு, குனிஞ்சு, தோள்ல முகத்தைப் புதைச்சுக்கிச்சு. காலு ரெண்டும் தரையில கிடந்துச்சு.

"இப்பப் பாரு. இப்ப எத்தன வயசுன்னு சொல்லு"ன்னா.

அவ நடந்தா. தார் ரோட்டுல புள்ளையோட காலு இழுபடறதைப் பார்த்து நான் ஓடிப்போய்க் குனிஞ்சு, ரெண்டு பாதத்தையும் கையில ஏந்திக்கிட்டேன். பின்னால ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா, வண்டிக்கிட்ட நின்ன ஒம்பது தாய்மாரும் கதவுக்குள்ள கையை விட்டு அவங்கவங்க புள்ளையை இழுத்துத் தூக்கறாங்க. வீடுகள்ல இருந்து மத்தவங்க வர்றாங்க, இடுப்புல ஒண்ணு, தோள்ல ஒண்ணு, அப்பன்காரனுங்க உப்புமூட்டை தூக்கிக்கிட்டு, ரேணுகாவும் எங்க பொம்பளைங்களும் ஆளுக்கு ரெண்டு பாதத்தைப் பிடிச்சுக்கிட்டு, ரோட்டை அடைச்சு முப்பத்தொம்பது பேரும். குணசீலன் ஹாரனை அடிச்சான். அடிச்சுக்கிட்டே இருந்தான். போற வழியில கம்பெனி வாசல்ல எங்க முதலாளி கார் நின்னுச்சு, நகர வழியில்லை. கண்ணாடியை இறக்கி, "என்ன துளசிமணி இது?"ன்னாரு. "அனுசரிச்சுக்கங்க"ன்னேன் நான்.

பள்ளிக்கூடத்து கேட்டுல பெரிய டீச்சர் நின்னாங்க. எங்க கூட்டத்தைப் பார்த்தாங்க, மூச்சு வாங்கி வேர்த்து வழிஞ்சு நிக்கற பேச்சியம்மாவைப் பார்த்தாங்க, அவ தோள்ல அழுது தூங்கியே போயிட்ட அந்தப் பெரிய புள்ளையைப் பார்த்தாங்க. அவங்க குரலே மாறிருச்சு.

"ஐயோ, இறக்கி விடும்மா, இடுப்பு என்னத்துக்கு ஆகும்!"

பேச்சியம்மா புள்ளையை ஒரு எவ்வு எவ்வி இடுப்புல ஏத்திக்கிட்டா.

"ஒண்ணாங் கிளாஸு எந்தப் பக்கம்னு சொல்லுங்க டீச்சர். அங்க கொண்டு போய் இறக்குதேன்."